ஏற்காடு காபி பறிப்புக் கணக்கு: எக்ஸெலில் 'அல்லது' போடும்போது

ஏற்காட்டுப் பக்கம் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் எடைச் சீட்டு முழுக்க எக்ஸெலில்தான் ஏறுகிறது. எங்கள் ஷீட்டில் ஏ-யில் தேதி, பி-யில் பிளாக், சி-யில் அரபிகாவா ரொபஸ்டாவா, டி-யில் ஒருவரின் அன்றைய கிலோ. இந்த வாரம் இந்த பிளாக்கில் எத்தனை கிலோ அரபிகா என்று மட்டும் கேட்டால் சம்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை மட்டும் கூட்டும் ஃபங்ஷன்) போதும். அதற்கு அர்ரே ஃபார்முலா (ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே சோதித்துக் கடைசியில் மொத்தம் தருவது) வீண் வேலை.

'அல்லது' வந்தால்தான் அர்ரே தேவை. ஞாயிறு பறித்த அரபிகாவும், எந்த நாளானாலும் 40 கிலோவைத் தாண்டிய அரபிகாவும் ஊக்கத்தொகைக் கணக்கில் சேர வேண்டும்:

=சம்புராடக்ட்((((வீக்டே(ஏ2:ஏ900)=1)+(டி2:டி900>40))>0)*(சி2:சி900="அரபிகா"),டி2:டி900)

வீக்டே 1 என்றால் ஞாயிறு. பெருக்கல் 'மற்றும்', கூட்டல் 'அல்லது'. அண்ட், ஆர் ஃபங்ஷன்கள் இங்கே உதவாது. 899 வரிசைக்கும் சேர்த்து ஒரே ஒரு விடைதான் தரும். அந்த >0-வை விட்டுவிட்டால் ஞாயிறன்று 45 கிலோ பறித்தவருக்கு 1+1 சேர்ந்து 90 கிலோ ஏறிவிடும். கடைசியில் பெருக்கல் போடாமல் கமா போட்டதற்கும் காரணம் உண்டு: கிலோ இடத்தில் யாராவது 'லீவு' என்று அடித்திருந்தால் கமா அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், பெருக்கல் வேல்யூ பிழை காட்டும். எக்ஸெல் 2019, அதற்கு முந்தையவற்றில் உள்ளே இஃப் நுழைத்தால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+என்டர் கட்டாயம்.

இதையெல்லாம்விடப் பொல்லாதது தேதி. 5.12.2024 என்று நம் வழக்கப்படி புள்ளி வைத்து அடித்தால் பெரும்பாலான கணினிகளில் அது எழுத்தாகவே நின்றுவிடும். செல்லின் இடது ஓரத்தில் ஒட்டியிருப்பதே அடையாளம். மேலே உள்ள ஃபார்முலா பிழை காட்டிவிடும், பரவாயில்லை. ஆனால் 'இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை' என்று >=, <= போட்ட சம்புராடக்ட் ஃபார்முலாவில் சத்தமே வராது. எக்ஸெலுக்கு எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. அதனால் 'முதல்' நிபந்தனையில் அந்த வரிசை தேறும், 'வரை'யில் விழும், கிலோ காணாமல் போகும். 'முதல்' மட்டும் போட்டிருந்தால் இன்னும் மோசம், போன வருஷக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். தேதி இருக்கும் ஏ நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூன்றாம் படியில் டேட் டிஎம்ஒய் கொடுத்தால் சரியாகும்.

விடை சந்தேகமாக இருந்தால் 900-ஐ எல்லா இடத்திலும் 12 ஆக்கி, ஒரு நிபந்தனையை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்துங்கள். ட்ரூ, ஃபால்ஸ் வரிசையாகத் தெரியும். 900-உடனே அழுத்தினால் 899 மதிப்புகள் நீண்டு, படிக்கவே முடியாது. பார்த்ததும் எஸ்கேப். என்டர் தட்டினால் ஃபார்முலாவுக்குள் அந்த மதிப்புகளே உறைந்துவிடும்.