சில பேர் விடுறவை

"தம்பி, பாம்புக்கு உயிரோட எலி விட்டுப் பார்க்கலாமோ?" என்று அந்த அண்ணை தொலைபேசியில் கேட்டார். நான் சொன்னது மூன்றே சொல்: "சில பேர் விடுறவை."

'விடுங்கோ' என்று நான் சொல்லவில்லை. 'விடாதேங்கோ' என்றும் சொல்லவில்லை. கடையில் நிற்பவன் வாயில் தானாக வரும் பேச்சு அது.

ஒக்டோபரில் மகளோடு வந்து எங்கள் கடையில் பாம்பு வாங்கிப் போனவர். கனடாவில், ஸ்கார்பரோவில் பாம்புக் கடையில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரைக் கண்டதே எனக்குப் புதினம். பால் பைதான் (ball python, ஒரு சின்ன மலைப்பாம்பு) என்றதும், "பேரிலயே பால் இருக்கு, பால் குடிக்குமோ?" என்று சிரித்தார். பந்து மாதிரிச் சுருளுவதால் வந்த பெயர் என்று விளக்கினேன். "கடிக்குமே?" என்றதற்கு, பாம்பை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தேன். அது தலையை நடுவில் புதைத்துச் சுருண்டது. "பாருங்கோ, எவ்வளவு சாது."

அது சாதுவாக இருந்ததால் சுருளவில்லை, பயத்தில் சுருண்டது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். ஆனால் பயத்தைச் சாது என்று சொல்லித்தான் இந்தப் பாம்பை எல்லாக் கடையிலும் விற்கிறார்கள்.

பிறகு அது சாப்பிடவில்லை. ஒவ்வொரு கிழமையும் அழைப்பார், நானும் சொல்லுவேன். பெட்டியின் சூடான பக்கம் 31, 32 பாகையில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளிய இடம் வேண்டும். பள்ளிக்கூடத்தால் வந்ததும் பிள்ளை தூக்கி விளையாடுவதை நிறுத்த வேண்டும். இரண்டு வயது ஆண் பாம்பு, குளிர்காலம், புது வீடு. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கோ என்றேன். 900 கிராம் 870 ஆகியிருந்தது. அது ஒரு குறைவே இல்லை. தொலைபேசியில் இதுவரை நான் சொன்ன எதிலும் பிழை இல்லை.

ஏழாவது கிழமை அவருடைய குரல் மாறியிருந்தது. "வீட்டில ஒரு சீவன் பட்டினி கிடக்க, நாங்கள் சாப்பிடுறது எப்பிடித் தம்பி?" அதற்குப் பிறகுதான் எலியைப் பற்றிக் கேட்டார். 'பொறுங்கோ' என்று ஏழாவது தடவையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசையில் ஆட்களும் நின்றார்கள். (வரிசை பெரிதில்லை, இரண்டு பேர்.)

அடுத்தநாள் எலி வாங்கி, இரவு அதை விட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் படம் அனுப்பினார். முதுகில் மூன்று இடத்தில் தோல் இல்லை, ஒரு இடத்தில் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. பாம்பு அப்போதும் தலையைப் புதைத்துச் சுருண்டபடியே கிடந்தது. எலி கடிக்கக் கடிக்க அப்படியே கிடந்திருக்கிறது. நான் சாது என்று காட்டினேனே, அதே சுருளல்.

உயிர் எலி விடுகிறவர்கள் இடுக்கியோடு பக்கத்திலேயே நிற்பார்கள். பாம்பு தொடவில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் எலியை எடுத்துவிடுவார்கள். அந்த எலியை விற்றதும் நானில்லை, அன்று எனக்கு லீவு. எங்கள் கடையில்தான் வாங்கினார் என்பது வேறு கதை. முதலாளியிடம் சொன்னேன். "நீ விடச் சொல்லவில்லையே, பிறகென்ன?" என்றார். நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயால் கேட்டபோது அருவருப்பாக இருந்தது.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், இரண்டு தடவை சட்டை உரித்து, காயம் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. ஏப்ரலில் ஒருநாள், உறையவைத்த எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி முகத்துக்கு முன்னால் ஆட்ட, பாய்ந்து பிடித்ததாம். ஆக, பொறுத்திருந்தாலே போதுமாக இருந்தது. இல்லை, பெட்டியில் வேறு ஏதும் பிழை இருந்து இடையில் திருத்தினாரோ? கேட்கவில்லை.

அடுத்த கிழமை எலி வாங்க வந்தபோது, கை வைத்தால் இப்போது கொத்துகிறது, மகள் தொடுவதே இல்லை என்றார். சாப்பாட்டு வாசத்துக்குக் கடித்தால் கடித்ததை விடாமல் சுற்றிப் பிடிக்கும். பயத்தில் கடித்தால் உடனே விட்டுவிடும். அதைக் கேட்டேன்.

"கொத்திப்போட்டு உடன விட்டிடுது தம்பி."

இரண்டு எலியைப் பையில் போட்டுக் கொடுத்தேன். காசைக் கொடுத்துக்கொண்டே, "நீங்கள் சொன்னதெல்லாம் சரியாத்தான் இருந்தது" என்றார். எதைச் சொல்கிறார் என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் மிச்சக் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.