நடத்தை: நன்று

மதுரையில் ஒரு டுட்டோரியலில் மூன்றாண்டுகள் கணக்குப் பாடம் நடத்தினேன். மாடியில் இரண்டு அறைகள், கீழே ஜெராக்ஸ் கடை. சேர வரும் பையன்களின் டி.சி.யை வாங்கிப் பதிவேட்டில் விவரம் எழுதுவதும் என் வேலைதான். நடத்தையும் பண்பும் என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் 'நன்று' என்றுதான் இருக்கும். விலகிய காரணம், 'பெற்றோர் விருப்பம்'.

ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு. ஆசிரியர் செல்போனைப் பிடுங்கியபோது அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறான். லோடுமேனாக வேலை பார்க்கும் அவனுடைய அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்து, நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் பையனின் எதிர்காலம் கெடாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "நன்றுன்னுதான சார் போட்டிருக்கு, பிறகு ஏன் சார் அனுப்புனாங்க?" என்று கேட்டார்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதில் அந்தக் காப்பு இல்லை. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு வருவதால், தேர்ச்சி விழுக்காட்டைக் கெடுத்துவிடுவான் என்று தோன்றும் பையனையும் அடங்காத பையனையும் ஒரே கணக்கில் கழித்துவிட அது வசதியான வகுப்பு. பெற்றோரே கேட்டு வாங்கியதாகப் பதிவாகிவிடுவதால், நடவடிக்கை எடுத்து நீக்கியதற்குத் தடயமும் இருக்காது.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவன் கைநீட்டினால் மற்ற ஐம்பத்தொன்பது பேரின் பாடமும் நின்றுபோகும். அவனைச் சில நாள் தள்ளிவைப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். 2022-இல் மாணவர்கள் ஆசிரியர்களை மிரட்டும் வீடியோக்கள் பரவியபோது, அப்படி நடப்பவர்களை நீக்கி, காரணத்தைச் சான்றிதழிலேயே குறிப்பிடுவோம் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. எங்கே அனுப்புவது என்பதுதான் அந்தப் பேச்சில் வரவில்லை. இங்கிலாந்தில் ஒரு மாணவனை நிரந்தரமாக நீக்கினால், ஆறாவது பள்ளி நாளிலிருந்து அவனுக்கு முழுநேரக் கல்வி ஏற்பாடு செய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் கடமை; அதற்கென்றே சிறிய வகுப்புகள் கொண்ட தனிப் பள்ளிகள் அங்கே உண்டு. அவற்றைப் பற்றி அந்த ஊரிலேயே ஆயிரம் குறை சொல்கிறார்கள் என்றாலும், ஆறாவது நாள் காலையில் அந்தப் பையனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் அங்கே ஒரு பதில் இருக்கிறது.

இங்கே அந்த இடத்தை டுட்டோரியல்தான் நிரப்புகிறது, அதுவும் கட்டணம் வாங்கிக்கொண்டு. சத்துணவு கிடையாது, பஸ் பாஸ் கிடையாது, விளையாட இடம் கிடையாது. அவன் ஏன் கையைத் தட்டிவிட்டான் என்று உட்கார்ந்து கேட்க ஆளும் கிடையாது. நானும் கேட்கவில்லை, இருபடிச் சமன்பாடு நடத்தத்தான் எனக்குச் சம்பளம்.

பதினான்கரை வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்து, கல்வித்துறை ஒதுக்கும் பள்ளிக்குப் போய் எண்பது விழுக்காடு வருகை காட்ட வேண்டும். அவனுக்கு ஒதுக்கப்பட்டது அவனை அனுப்பிய அதே பள்ளி. முதல் நாள் போகும் முன், கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் என்னை நிறுத்தி, "சார், பழைய யூனிஃபார்ம் இருக்கு, போட்டுட்டுப் போகலாமா?" என்று கேட்டான்.