வாய்ஸ் ரெஸ்ட் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் சொல்லிவிட்டார், பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிடக் கெடுதலாம். செருமவே கூடாது. இருமல் வந்தால் தண்ணீரைக் குடித்து அடக்க வேண்டும். அம்மா நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறாள், எழுதிக் காட்டுவதற்கு. முதல் பக்கத்தில் நான் எழுதியது: காப்பி.

ஹெட்போனில் நாள் முழுக்கப் பிரேசில் பாடகி ஜாய்ஸ் மொரேனோ.

ஜூன் 4, புதன்

1967. ரியோவில் சர்வதேசப் பாடல் விழா. பாடகர் மில்டன் நசிமெண்டோவின் 'த்ராவெசியா' இரண்டாம் பரிசு வாங்கிய அதே விழா. ஜாய்ஸுக்கு அப்போது 19 வயது, சொந்தப் பாட்டோடு போகிறார். பாட்டு தொடங்குவதே, என் ஆம்பளைக்கு என்மேல் காதல் இல்லையாம், சொல்கிறார்கள் என்றுதான். இதைக் கொச்சை என்றார்கள் விமர்சகர்கள். ஒரு சின்னப் பெண் இப்படியா எழுதுவது என்று.

அதே சமயத்தில் பாடலாசிரியர் ஷிகோ புவார்கே, பாடகி நாரா லியாவோ கேட்டுக்கொண்டதற்காக, ஒரு மனைவி பாடுவதுபோல் பாட்டு எழுதிக் கொடுக்கிறார். அவனுக்குப் பிடித்த இனிப்பைச் செய்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள், அவன் ஊர் சுற்றிவிட்டு வருகிறான். அருமையான பாட்டு, எனக்கும் பிடிக்கும். அதைக் கொச்சை என்று யார் சொல்வார்கள்? பெண் மனசை எப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறாரோ என்பார்கள். பெண் தானே எழுதி, தானே கிட்டாரை எடுத்துக்கொண்டு 'என் ஆம்பளை' என்றால்தான் காது கூசுகிறது.

போசா நோவா என்ற அந்தப் பிரேசில் இசையிலேயே பேர்பெற்ற பெண் யார்? 1962-ல் இசையமைப்பாளர் ஜோபிமும் கவிஞர் வினீசியஸும் எழுதிய பாட்டில் வரும் அந்த இபனேமா பெண். கடற்கரைக்கு நடந்து போகிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் வாயே திறப்பதில்லை. அவளுக்கும் எந்த டாக்டரோ சொல்லியிருப்பார்.

ஜூன் 5, வியாழன்

லேப் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 7, சனி

கிட்டாரைத் துடைத்து எடுத்தேன். வலது கை கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், தாளம் பிசகாமல். மற்ற விரல்கள் சேர்ந்து கார்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரங்களை, இழுக்கும்போது அடிக்கு முன்னாலோ பின்னாலோ விழ வேண்டும், அடியிலேயே விழுந்துவிடக் கூடாது. கேட்க எவ்வளவு சோம்பலாக இருக்கிறது! விரல் நுனியெல்லாம் எரிகிறது.

ஜாய்ஸ் இதை ரியோவின் கோபகபானா பகுதியில் இருந்த வீட்டில் அண்ணன் வாசிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அண்ணனின் நண்பர் கிட்டார் கலைஞர் ராபர்த்து மெனெஸ்கால். அவர் வழியாகத்தான் 1964-ல் முதல்முறையாக ரெக்கார்டிங் போயிருக்கிறார். அந்த அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் தானே பாட்டு எழுதிய பெண்களில் முதல் ஆள் இவர் இல்லை. பாடகி டோலோரஸ் துரான் இருந்தார். ஜோபிம் ஒரு மெட்டை வாசித்துக் காட்ட, கைப்பையிலிருந்த புருவப் பென்சிலை எடுத்து அங்கேயே வரிகளை எழுதிவிட்டார். வினீசியஸ் ஏற்கெனவே அதற்கு எழுதி வைத்திருந்தார். இதைப் படித்ததும் தன்னுடையதை விட்டுக்கொடுத்துவிட்டார். 1959-ல் டோலோரஸ் போய்ச் சேர்ந்தபோது வயது 29. அதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மேல் ஸ்தாயி திரும்பி வருமா?

ஜூன் 9, திங்கள்

பக்கத்து வீட்டு அக்கா நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். "நீதான் கதவைத் திறக்கப் போனியாடி?" என்று அம்மா என்னைத் திட்டினாள். பதில் எழுத நோட்டு கிடைப்பதற்குள் அவள் சமையலறைக்குப் போயாயிற்று. ஊமைச் சண்டையில் எப்போதும் பேசுகிறவர்களுக்குத்தான் வெற்றி.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கமில்லை. ஜாய்ஸின் 'நாத்துரேசா' ஆல்பத்தைப் பற்றியே யோசனை.

1977, நியூயார்க். தயாரிப்பும் இசை அமைப்பும் கிளாஸ் ஓகர்மான். ஜோபிமின் 'வேவ்' ஆல்பத்துக்கு வயலின்களை எழுதியவர், அமெரிக்கப் பாடகர் சினாத்ராவும் ஜோபிமும் சேர்ந்து பாடியதற்கும் அவர்தான். கூட வாசிக்க நானா வாஸ்கொன்செலோஸ், மைக்கேல் பிரெக்கர், டுட்டி மொரேனோ. இதற்குமேல் ஒரு பாடகிக்கு என்ன அமைய வேண்டும்? ரெக்கார்டிங் முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் வரிகள் வேண்டும் என்கிறார் ஓகர்மான். ஜாய்ஸுக்கு மனசு ஒப்பவில்லை. ஊருக்குத் திரும்பிவிடுகிறார். டேப் அலமாரிக்குப் போகிறது.

வெளிவந்தது 2022-ல். 45 வருஷம். ஓகர்மான் 2016-லேயே காலமாகிவிட்டார்.

அதில் 'ஃபெமினினா' பதினோரு நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிறது. மகள் அம்மாவிடம் கேட்கிறாள், பெண்ணாக இருப்பது என்றால் என்ன என்று. முடியில் இல்லை, பார்வையில் இல்லை என்கிறாள் அம்மா. கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, கிட்டார் நிற்கவே இல்லை. 29 வயதுக் குரல். அந்தக் குரலை அந்த வயதிலேயே உலகம் கேட்டிருக்க வேண்டும். அவர் அதற்காக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை, 1980-ல் அதே பாட்டை வேறு விதமாகப் பாடி, ஆல்பத்துக்கும் அதே பெயரை வைத்தார். எனக்குத்தான் கோபம். அலமாரியில் இருந்த டேப்புக்கு என்ன ஆகியிருக்கும், பூஞ்சை பிடித்திருந்தால், யாராவது தூக்கிப் போட்டிருந்தால் என்று ராத்திரி ரெண்டு மணிக்கு என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

என் தொண்டையைப் பற்றி யோசிக்காமல் இருக்க இதுவும் ஒரு வழி. சரி.

ஜூன் 11, புதன்

ரிப்போர்ட் இல்லை. ஃபோன் பண்ணியது அம்மா. "நாங்களே கூப்பிடுவோம்" என்றார்களாம்.

ஜூன் 12, வியாழன்

இன்று மனசு லேசாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை. ஜாய்ஸின் 'அல்டேயா ஜி ஓகுங்' பாட்டு நான்கைந்து முறை. வரிகளே இல்லாமல் வெறும் குரலை வைத்து விளையாடுகிறார். 1980-ல் போட்டதை லண்டன் கிளப்புகளில் பிற்பாடு தேடி எடுத்து ஆடினார்கள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையாட்டினாள். யார் இது என்று கேட்கவில்லை, சத்தத்தைக் குறை என்றும் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஜாய்ஸுக்குக் கிளாரா, ஆனா என்று இரண்டு குழந்தைகள். எழுபதுகளின் தொடக்கத்தில் சில வருஷம் மேடைப் பக்கம் இல்லை. பிறகு 1975-ல் வினீசியஸோடு கிட்டாரும் கையுமாக வெளிநாட்டுப் பயணம். அந்த வழியிலேயே இத்தாலியில் ஒரு ஆல்பம், பிரேசில் ராணுவ ஆட்சியின் தணிக்கையில் மாட்டிக்கொண்டிருந்தவர்களின் பாட்டுகளாகப் பொறுக்கி எடுத்து. 1979-ல் பாடகி எலிஸ் ரெஜினா இவருடைய பாட்டைப் பாடி ஆல்பத்துக்கே அதன் பெயரை வைக்கிறார். 1980-ல் இரண்டு மகள்களின் பெயரையும் சேர்த்து 'கிளாரியானா' என்று ஒரு பாட்டு. அதுதான் பிரேசில் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சில வருஷங்களில் வீட்டுக்குள் பாடினாரா? எந்த நேரத்தில்? குழந்தைகள் தூங்கிய பிறகா? இதை யாரும் பேட்டியில் கேட்க மாட்டார்கள்.

ஜூன் 14, சனி

1968-ல் வந்த முதல் ஆல்பத்தை ஜாய்ஸ் எழுபது வயதில் முழுசாகத் திரும்பப் பாடியிருக்கிறார், பெயர் '50'. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். குரல் கனத்திருக்கிறது. அந்தக் கொச்சைப் பாட்டும் இருக்கிறது. பத்தொன்பது வயதில் எழுதியது இப்போதுதான் சரியான வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது, என் காதுக்கு.

ஐந்தரைக் கட்டையிலிருந்து நாலரைக்கு இறங்கினால் என்ன கெட்டுப்போகும்? என்னிடம் பாட்டுக் கற்கும் பிள்ளைகளுக்கு எட்டாது, அது ஒன்று. சுருதிப் பெட்டியை இறக்கி வைத்துப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

ரிப்போர்ட் ரெடி என்று மெசேஜ். நேரில்தான் வாங்க வேண்டுமாம். நல்லதா கெட்டதா என்று அதில் ஒன்றும் இல்லை. அம்மா கீழே ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டு வாடி வாடி என்று