சிவப்பு ஊசி

முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். போன் போட்ட எல்லாருக்கும் சேர்த்து இது.

மார்பகப் புற்றுநோய்க்கு எனக்கு எழுதியிருப்பது டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு. முதல் மருந்து பார்க்க ரோஸ் சிராப் மாதிரியே இருக்கிறது. மாட்டிவிட்டுப் போய்விடவில்லை, மிஸி (நர்ஸ்) பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார், நடுநடுவே பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்தார். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடுமாம். "லேசா எரிஞ்சாலும் உடனே சொல்லுங்கக்கா, தாங்கிக்கிட்டு இருக்காதீங்க." அந்த நேரம் முழுக்க வாயில் ஐஸ் கட்டி, வாய்ப்புண் வராமலிருக்க. சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லியும், பார்த்ததும் திக்கென்றது.

வாந்தி பயந்த அளவுக்கு இல்லை. தூக்கம்தான் போச்சு, வாந்தி வராமலிருக்கக் கொடுத்த ஸ்டீராய்டு டெக்ஸாமெதாசோன் வேலை. நடுராத்திரியில் மைலோ கலக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் சொல்கிறார்: "முடி கொட்டுனா என்னம்மா, தண்ணிமலை முருகனுக்கு மொட்டை போட்டதா நெனச்சுக்க." அவரும் கூடவே போடுகிறாராம்! வேண்டாம் அத்தை என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு குறையும் நாட்கள் இனிமேல்தான். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பனடோல் மாத்திரை போட்டுப் படுக்காமல் நேராக எமர்ஜென்சி. அதனால் சளி, இருமல் உள்ளவர்கள் இப்போது வர வேண்டாம். கடையில் வாங்கும் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலமும் வேண்டாம் (மனசு கேட்கிறது, வேறு விஷயம்). புற்றுநோய்க்கு என்று டுரியான் பிளாண்டா (முள் சீத்தா) இலைக் கஷாய வீடியோ அனுப்பும் உறவுகளே, டாக்டரைக் கேட்காமல் ஒரு மடக்கு கூடக் குடிக்க மாட்டேன்.