ரீஸ்லிங் திராட்சையும் அது நிற்கும் சரிவும்

ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் வெள்ளைத் திராட்சை. வளர்ந்த இடத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதும் அதனால்தான். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 50 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே நிழல் விழும் சரிவில் நட்டால் பழம் முழுதாகப் பழுப்பதே சிரமம். தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவிலோ வெயில் நேராக விழும். கரிய சிலேட் பாறைத் துண்டுகள் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடும். பிரெம் ஊரை ஒட்டிய கால்மோன்ட் சரிவின் சாய்வு சில இடங்களில் 60 டிகிரியைத் தாண்டும்.

சிலேட்டின் சுவையே வைனில் ஏறுகிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல் தருவது வெப்பமும் வடிகாலும்தான். வேர் கல்லின் சுவையை உறிஞ்சுவதில்லை.

புளிப்பின் கதை வேறு. வெப்பம் கூடினால் பழம் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துவிடும். டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இரவு குளிர்ந்தால் இழப்பு குறையும். ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் உயரம் இதற்குத்தான் உதவுகிறது.

கொத்தைச் சுற்றி இலை கிள்ளும்போது காலை வெயில் படும் பக்கத்தோடு நிறுத்துங்கள். பிற்பகல் வெயில் நேரடியாகப் பட்டால் தோல் வெந்துபோகும். மண்ணெண்ணெய் வாசம் தரும் டிடிஎன் சேர்மமும் கூடும். கிள்ளாமலே விட்டால் காற்றோட்டமின்றி மழையில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். காலை மூடுபனியும் பிற்பகல் உலர்வெயிலும் மாறி மாறி வந்தால், அதே பூஞ்சணம் பழுத்த பழத்தை வற்றவைத்து இனிப்பைச் செறிவாக்கும்.