வலைக்கு முன்னால், 2019

ஜனவரி 7
ஐஸ் ஹொக்கி. பிலடெல்பியாவில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸுக்கு 3-0 வெற்றி. வந்த 25 அடியையும் மறிச்சிட்டான். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ரிச்மண்ட் ஹில் பெடியன், ஜோர்டன் பின்னிங்டன், ப்ளூஸின்ரை கோலி (வலை காக்கிறவன்). பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் தொடக்கத்திலிருந்தே அவனை வலைக்கு விட்ட முதல் மட்ச். என்ரை மகன், எங்கடை தம்பியும் கோலிதான், படுக்காமல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான்.

ஜனவரி 19
தம்பியை இறக்கேல்லை. முழுக்க வாங்கில்.

பெப்ரவரி 20
நித்திரை வரேல்லை. 2011இல் செயின்ட் லூயிஸ் பின்னிங்டனை 88ஆவது ஆளாய் எடுத்தது. இப்பதான் வலை கிடைச்சிருக்கு. போன பருவத்தில் ப்ளூஸுக்கெண்டு தனியாய் ஒரு ஏ.எச்.எல். (என்.எச்.எல்.லுக்கு அடுத்த படி லீக்) அணிகூட இல்லை, பொஸ்ரனின்ரை புரொவிடன்ஸ் அணிக்கு இரவல் குடுத்துவிட்டவை. தாய்தகப்பன் என்னெண்டு பொறுத்தினமோ. முன்வரிசைப் பெடியளுக்குப் பன்னிரண்டு இடம் இருக்கு, கொஞ்ச நிமிஷமாவது இறக்குவினம். கோலிக்கு ஒரேயொரு இடம். மற்றவன் தடுமாறினால்தான் கதவு திறக்கும். ப்ளூஸின்ரை மற்றக் கோலி ஜேக் அலன் தடுமாற, இவன் வந்தான். அலனையும் ஒரு தாய் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பா. தம்பியின்ரை அணியில் மற்றக் கோலியின்ரை அம்மா ரிங்க்கில் எனக்குப் பக்கத்திலைதான் இருக்கிறவ. தேத்தண்ணியும் கொண்டுவந்து தருவா. அவவின்ரை பிள்ளை கோல் விட்டால் என்ரை நெஞ்சு ஒரு கணம் லேசாகுது. கடவுளே.

ஏப்ரல் 6
ஒன்ராறியோ இளையோர் லீக்குக்கு ஆள் எடுக்கிற 15 சுற்றும் முடிஞ்சுது. தம்பியின்ரை பேர் வரேல்லை.

ஏப்ரல் 7
தம்பிக்கு இடுப்பு நோகுதாம். முழங்காலை மடிச்சு, காலை இரண்டு பக்கமும் விரிச்சு விழுந்து விழுந்து எழும்பினால் இடுப்பு மூட்டுத்தானே தாங்கவேணும். பேரைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்லை.

மே 15
அவங்கள் கையால் தட்டிக் குடுத்த பக் (ஹொக்கி வட்டு), அந்தக் கோல் செல்லக்கூடாது. நடுவர்மார் நாலு பேரும் காணேல்லை. சான் ஹோசே 5-4 எண்டு வெண்டுது. "இண்டைக்குப் பின்னிங்டன் எப்பிடியம்மா நித்திரை கொள்ளுவான்?" எண்டு தம்பி கேட்டான்.

ஜூன் 1
இறுதித் தொடர், மூண்டாவது மட்ச். அதே பொஸ்ரன். ஐஞ்சு கோல் விட்டவுடனை பின்னிங்டனை வெளியில் எடுத்திட்டினம். அலன் இறங்கினான். 7-2 தோல்வி. நான் குசினிக்குள்ளை போயிட்டன்.

ஜூன் 3
4-2 வெற்றி! பின்னிங்டனையே திரும்ப விட்டவை. அவனையே.

ஜூன் 12
ஏழாவது மட்ச். தம்பியின்ரை அப்பாவுக்கு நாளைய ராப்டர்ஸ் (ரொறன்ரோ கூடைப்பந்து அணி) கதைதான். முதல் இருபது நிமிஷத்தில் பொஸ்ரன் 12 அடிச்சுது, ஒண்டும் உள்ளை போகேல்லை. எங்கடை ஆக்கள் நாலே நாலு, அதில் இரண்டு கோல். தம்பி சோபாவில் இல்லை, ரிவிக்கு முன்னாலை முழங்காலில் நிக்கிறான். இடுப்பு, ராசா, இடுப்பு எண்டால் கேக்கிறானில்லை. இரண்டாவது பீரியட் தொடங்குது, பிறகு எழுதுறன்.