அறிவு என்னும் கொடை

கத்தோலிக்கத் திருச்சபையில் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதலுக்குத் தயாரானபோது தூய ஆவியின் ஏழு கொடைகளை மனப்பாடம் செய்தேன். ஞானம், புத்தி, விமரிசை (நல்ல ஆலோசனை), திடம், அறிவு, பக்தி, தெய்வ பயம். இதில் 'அறிவு' என்றால் நல்ல படிப்பு, ஞாபகசக்தி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு, இறையியல் பட்டம் வாங்கியவரைவிட இது நிறைவாகக் கிடைத்திருக்கலாம்.

படைக்கப்பட்டவற்றைக் கடவுளோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுத்தரும் கொடை இது. 2014 மே மாத மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பு நம் இஷ்டத்துக்கு ஆளும் சொத்து அல்ல, கடவுள் தந்த பரிசு என்று இதை விளக்கினார்.

என்னை மிகவும் தொட்டது, 13ஆம் நூற்றாண்டு இறையியலாளரான புனித தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கொடையை 'துயருறுவோர் பேறுபெற்றோர்' என்ற இயேசுவின் மலைப்பொழிவு வாக்கோடு இணைப்பதுதான். அறிவுக்கும் அழுகைக்கும் என்ன தொடர்பு என்று முதலில் குழம்பினேன். அப்புறம் புரிந்தது. ஒன்றின் உண்மையான மதிப்பு தெரியும்போதுதான், அதைக் கடவுளின் இடத்தில் வைத்து நாம் இழந்த நாள்கள் நினைவுக்கு வருகின்றன. பணம், பெயர், யாரோ ஒருவருடைய பாராட்டு. எதுவும் கெட்டதல்ல. ஆனால் அவற்றால் சுமக்கவே முடியாத எதிர்பார்ப்பை நான் ஏற்றி வைத்திருந்தேன். அது தெரிந்த இரவில் அழுதேன். ஆறுதலும் அந்த அழுகைக்குள்ளேயே வந்தது.

இப்போதெல்லாம் செபத்தில் இந்த ஒரு கொடையைத்தான் அதிகம் கேட்கிறேன்.